பட்டியலில் இல்லாத வீடு: உள்ளூர்ச் சபைகளோடு இணைந்து செய்த குடும்ப ஆதரவுப் பணி, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வளரும் நாடு ஒன்றின் ஊரகப் பகுதியில் ஓர் உதவி அமைப்பும் 5 சிறிய கிறிஸ்தவ சபைகளும் சேர்ந்து 2 ஆண்டுகள் நடத்திய பணியின் பதிவு இது. இடம், ஆட்கள், அமைப்பு ஆகியவற்றின் பெயர்கள் தரப்படவில்லை. வறுமையால் பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் விட நினைக்கும் குடும்பங்கள், அவர்களைத் தங்களிடமே வைத்து வளர்க்க வழி செய்வதுதான் நோக்கம்.

அந்தப் பகுதியில் பெற்றவர் இறந்தாலோ வேலை தேடி வெளியூர் போனாலோ பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது வழக்கமாகியிருந்தது. அங்கே மூன்று வேளைச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் உறுதி. சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம் தருபவர் பெரும்பாலும் சபையின் போதகர். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தன்னிடம் வந்து அழும் தாய்க்கு அவர் கையில் இருந்த ஒரே வழி அதுதான். ஆனால் இத்தகைய இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும், வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன.

சபைகளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது சபையாருக்கு அன்றே தெரியும். அமைப்பின் திட்டம் முடிந்து வண்டிகள் திரும்பிய பிறகும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். நோயாளி வீட்டுக்குப் போய்வருவதும் துக்க வீட்டில் உட்காருவதும் அவர்களுக்குப் பழக்கம். எந்தப் பயிற்சியாலும் உண்டாக்க முடியாதவை இவை.

முதல் பட்டியலில் தெரிந்தது

முதல் மாதம் 5 போதகர்களிடமும் மிகவும் நலிந்த குடும்பங்களின் பட்டியல் கேட்கப்பட்டது. இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. கள ஊழியர்கள் அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. பட்டியலில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அந்தந்தச் சபையின் அங்கத்தினர்கள். ஏழைகள்தான், ஆனால் மிக ஏழைகள் அல்லர். வேறு மதத்தவரின் வீடுகளும், சபையோடு மனவருத்தப்பட்டு விலகியவர்களின் வீடுகளும் விட்டுப்போயிருந்தன. ஆலயத்திலிருந்து தொலைவில், ஆற்றுக்கு அப்பால் இருந்த குடியிருப்பு பட்டியலில் அறவே இல்லை.

இதைப் பாரபட்சம் என்று மட்டும் முடித்துவிடக் கூடாது. போதகர் தினமும் பார்ப்பவர்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறார். தவிர, உதவி கிடைக்கும் என்று தெரிந்ததும் சபைக்குள்ளிருந்தே அவர் மேல் அழுத்தம் வருகிறது. மூப்பர் ஒருவரின் உறவினர் பெயரைச் சேர்க்க மறுத்தால் அடுத்த வாரத்திலிருந்து அவர்தான் அந்தக் கசப்போடு வாழ வேண்டும். பட்டியல் போடும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

தேர்வு முறையை மாற்றியது

பட்டியலை நிராகரிப்பதா, முறையை மாற்றுவதா என்று பேசியபோது ஒரு பெண் மூப்பர் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துவைத்தார். அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததும், அதைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்த பகுதி அது. தொடக்கச் சபையிலேயே இந்தச் சிக்கல் இருந்தது, அதற்குத் தீர்வாக ஒரு குழுவை வைத்தார்கள் என்று கண்டதும் பேச்சின் தொனியே மாறியது. வெளியார் குற்றம் சாட்டுகிறார்கள் என்ற உணர்வு விலகியது. அமைப்பின் கையேட்டிலிருந்து எத்தனை பக்கம் படித்திருந்தாலும் இந்த மாற்றம் வந்திருக்காது.

பிறகு ஒவ்வொரு கிராமத்திலும் அட்டை முறையில் தரம்பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை எழுதி, கூடியிருப்பவர்கள் அவற்றை வசதியின்படி நான்கு அடுக்குகளாகப் பிரிப்பார்கள். இதை ஒரே கூட்டத்தில் செய்யாமல், பெண்கள், ஆண்கள், சபையைச் சேராதவர்கள் என மூன்று குழுக்களிடம் தனித்தனியாகச் செய்தார்கள். மூன்றில் இரண்டு குழுக்களாவது கடைசி அடுக்கில் வைத்த வீடுகளுக்கு மட்டுமே வீட்டுச் சந்திப்பு. ஒவ்வொரு அடுக்கையும் முடித்ததும் "இந்த வீட்டை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பதில்களை எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பதில்களிலிருந்துதான் அந்த ஊருக்குப் பொருந்தும் தகுதி விதிகள் கிடைக்கின்றன. இங்கே கிடைத்தவை: பிள்ளைகளை முதியவர் ஒருவரே பராமரிப்பது, பள்ளியை விட்ட பிள்ளை இருப்பது, உடற்குறை உள்ளவர் இருப்பது, நிலையான வருமானம் யாருக்கும் இல்லாதது, பிள்ளையை இல்லத்தில் விடும் பேச்சு வீட்டில் நடப்பது.

தகுதி விதிகள் ஆலயத்திலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டப்பட்டன. தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பெயர்கள் ஒட்டப்படவில்லை. ஊரறியப் பெயரை வாசித்தால் வெளிப்படைத்தன்மை கூடும் என்று சிலர் வாதிட்டார்கள். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் போதாது என்று ஊருக்கே அறிவிப்பது ஆபத்து. முறையீடு செய்ய விரும்புவோருக்குச் சபையில் பொறுப்பில்லாத ஓர் ஆசிரியையின் தொலைபேசி எண் தரப்பட்டது.

ஆற்றுக்கு அப்பால் இருந்த வீடு

மூன்று குழுக்களுமே கடைசி அடுக்கில் வைத்த ஒரு வீடு எந்தப் போதகரின் பட்டியலிலும் இல்லை. வேறு மதத்தைச் சேர்ந்த பாட்டி ஒருவர், இறந்துபோன மகளின் மூன்று பிள்ளைகளோடு அங்கே இருந்தார். பிள்ளைகளின் அப்பா வேலை தேடிப் போனவர், தொடர்பில் இல்லை. மூத்தவளுக்கு 12 வயது, அடுத்தவனுக்கு 9, கடைசிக் குழந்தைக்கு 2 வயதுக்கும் குறைவு. மூத்தவள் பள்ளியை விட்டிருந்தாள், கடைசித் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால். மூத்த இருவரையும் இல்லத்தில் விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் வைத்துக்கொள்வது என்று பாட்டி ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

சந்திப்புக்கு எப்போதும் இருவர் போக வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், பிள்ளையோடு தனியறையில் யாரும் இருக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்பன விதிகள். முதல் சந்திப்பில் உதவி பற்றிப் பேசவே கூடாது. உதவி என்ற சொல் வந்ததும் கேள்விகளுக்கு வரும் பதில்கள் மாறிவிடும், நிறைவேறாவிட்டால் நம்பிக்கையும் போய்விடும்.

சபையின் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த தன்னார்வலருக்கு மேல் கையின் நடுப்பகுதிச் சுற்றளவை அளக்கும் வண்ணப் பட்டை கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் கடும் ஊட்டக்குறை, 115 முதல் 125க்குள் மிதமான ஊட்டக்குறை. இந்தக் குழந்தைக்கு 112. இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலால் 3 வினாடி அழுத்திப் பார்த்தார்கள். குழி விழவில்லை, வீக்கமில்லை. அன்றே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். சிகிச்சை உணவைச் சாப்பிடுகிறதா என்று பார்க்கும் பசிச் சோதனையில் குழந்தை நன்றாகச் சாப்பிட்டது, வேறு நோய்ச் சிக்கலும் இல்லை. அதனால் உள்நோயாளியாகச் சேர்க்காமல், உடனே உண்ணத்தக்க சிகிச்சை உணவுப் பொட்டலங்களோடு வீட்டுக்கு அனுப்பி, வாரம் ஒருமுறை வரச் சொன்னார்கள்.

சிக்கல் அடுத்த வாரமே வந்தது. எடை ஏறவில்லை. 92 கிராம் பொட்டலம் ஒன்று 500 கிலோ கலோரி தரும். அது குழந்தைக்கு மருந்து போல. பாட்டி அதை மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. பசித்த மூன்று வாய்கள் முன்னால் ஒன்றுக்கு மட்டும் கொடுக்க எந்தப் பாட்டிக்கு மனம் வரும்? சிகிச்சை பலிக்க வேண்டுமானால் மற்ற இருவருக்கும் வீட்டில் சாப்பாடு இருக்க வேண்டும். இது தெரிந்ததும், அடுத்த மாதம் தொடங்குவதாக இருந்த பண உதவி அந்த வாரமே தொடங்கியது.

பணம் யார் கையில்

பணத்தைச் சபை வழியாகக் கொடுப்பதா, நேரடியாகக் குடும்பத்துக்கா என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. குடும்பத்தைக் கண்டுபிடிப்பது, சந்திப்பது, உடன் நிற்பது சபையின் வேலை; பணம் அனுப்புவது அமைப்பின் வேலை என்று பிரித்தார்கள். யாருக்கு எவ்வளவு தேவை என்று அறிந்தவரே பணத்தையும் கொடுத்தால், அந்தக் குடும்பம் அவரிடம் எதையும் மறுத்துப் பேச முடியாது. பணம் பாட்டியின் கைப்பேசிக் கணக்குக்கே போனது. அவருக்கு எழுத்து வராது. ரகசிய எண்ணை வேறு யாரிடமும் சொல்லாமல் தானே அழுத்தப் பழகும்வரை, பேத்தியையும் உடன் வைத்துக்கொண்டு நான்கு முறை பயிற்சி தந்தார்கள். தன்னார்வலர் அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி.

அளவு, குடும்பத்தின் ஒரு மாத உணவுச் செலவில் பாதி. 6 மாதம் முழுத் தொகை, பிறகு 3 மாதம் அதில் பாதி, அதோடு நிறுத்தம். இந்த அட்டவணையை முதல் நாளே படம் வரைந்து காட்டினார்கள். எப்போது நிற்கும் என்று தெரியாத உதவிதான் குடும்பத்தைக் கையேந்தவே வைத்திருக்கும்.

ஆனால் இந்தப் பிரிப்புக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. வெளியிலிருந்து பணம் வருகிறது என்று தெரிந்ததும், ஏழைகளுக்கென்று சபைகள் வழக்கமாக எடுத்துவந்த காணிக்கை குறைந்தது. "அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்களே" என்ற பேச்சு. இதைக் கண்டதும், மாதத்தின் இரண்டாம் ஞாயிறுக் காணிக்கையை இந்தக் குடும்பங்களுக்கென ஒதுக்குவது என்று சபைகளே தீர்மானித்தன. அந்தப் பணத்தில் அமைப்பு கை வைக்காது. கணக்கை இருவர் கையெழுத்திட்டு வைத்திருப்பார்கள், அந்த இருவரில் போதகர் இருக்க மாட்டார். தொகை சிறியதுதான். பாட்டி வீட்டுக் கூரையை மாற்றியது அந்தக் காணிக்கையும் இளைஞர்களின் ஒரு சனிக்கிழமை உழைப்பும்.

துணைக்குப் போனது

இந்தப் பணியில் பணத்தைவிட அதிகம் பலன் தந்தது, அலுவலகங்களுக்குத் துணைக்கு ஆள் போனது என்றே தோன்றுகிறது. கடைசிக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் அரசின் குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது. பாட்டி முன்பு இரண்டு முறை போய், ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போனதுதான் மிச்சம்.

தன்னார்வலர் முதலில் தனியாக அலுவலகம் போய், தேவையான தாள்களின் முழுப் பட்டியலையும் எழுதி வாங்கினார்: பிறந்த சுகாதார நிலையத்தின் பதிவு நகல், தாயின் இறப்புச் சான்று, தாமதப் பதிவுக்கான உறுதிமொழி, இரு சாட்சிகள். நான்கும் கையில் சேர்ந்த பிறகே பாட்டியை அழைத்துப் போனார். சாட்சிகளில் ஒருவர் சபையின் மூப்பர், மற்றவர் பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரர். குழந்தைகள் பாட்டியின் பராமரிப்பில் இருப்பதை அரசின் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரிடமும் பதிவு செய்தார்கள். இந்தப் பதிவு முக்கியம். இது இல்லாவிட்டால், நல்லெண்ணத்தோடு வேறு யாரேனும் நாளைக்குப் பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்க முனைந்தாலும் தடுக்க வழியிருக்காது.

ஆடா, கோழியா

ஆறாம் மாதம் வாழ்வாதாரப் பேச்சு வந்தது. தையல் இயந்திரம் தரலாம் என்றார் ஒரு போதகர். பாட்டிக்குக் கண் பார்வை மங்கல். அமைப்பின் கள ஊழியர் ஆடு என்றார். அந்தப் பகுதியில் ஆடு லாபந்தான். ஆனால் மேய்க்கப் போவது யார்? 9 வயதுப் பையன். ஆடு வந்த வீட்டில் பையன் பள்ளியை விடுவான் என்பதைச் சபைப் பெண்கள்தான் எடுத்துச் சொன்னார்கள். வீட்டில் யாருடைய நேரத்தை அது தின்னும் என்று கேட்காமல் எந்த வாழ்வாதாரப் பொருளையும் தரக் கூடாது.

கோழி என்று முடிவானது. நாட்டுக்கோழிக்குப் பெரிய எதிரி வெள்ளைக்கழிச்சல் நோய். ஒரே வாரத்தில் ஊர்க் கோழிகளையெல்லாம் அழித்துவிடும். தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும், ஆனால் 3 முதல் 4 மாதத்துக்கு ஒருமுறை திரும்ப விட வேண்டும். மருந்துக் குப்பி பெரிது, திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் வாங்கினால் பெரும்பகுதி வீண். எனவே ஞாயிறு ஆராதனையிலும், வேறு மதத்தவரின் வழிபாட்டிடத்திலும் அறிவித்து, கோழிகள் கூட்டை விட்டு இறங்குமுன் விடியற்காலையில் ஊர் முழுக்கச் சொட்டு விட்டார்கள். குப்பியைப் பனிக்கட்டியோடு மூடிய பெட்டியில், வெயில் படாமல் கொண்டுவந்தார்கள்.

சேமிப்புப் பெட்டி

ஊரில் ஒரு சேமிப்புக் குழுவும் அமைத்தார்கள். இந்தக் கிராமச் சேமிப்புக் கடன் குழு முறை 1991இல் நைஜரில் கேர் (CARE) என்ற பன்னாட்டு உதவி அமைப்பின் பணியில் தொடங்கியது. 15 முதல் 25 பேர், மூன்று பூட்டுள்ள பெட்டி, மூன்று சாவிகள் மூவரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் 1 முதல் 5 பங்கு வரை வாங்கலாம். கடன், தன் சேமிப்பைப் போல மூன்று மடங்கு வரை. ஆண்டு முடிவில் எல்லாம் பங்கிடப்பட்டு அடுத்த சுற்று தொடங்கும்.

பெட்டிக்குள் வெளிப்பணம் போடவில்லை. இலவசமாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட யாரும் அவசரப்பட மாட்டார்கள், அது உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்பையும் கெடுக்கும். சாவி போதகரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இருக்கக் கூடாது என்றும் வைத்தார்கள். கூட்டம் ஆலயத்தில் வேண்டாம், பள்ளித் திண்ணையில் நடக்கட்டும் என்றும் முடிவானது. பங்கின் மதிப்பைப் பஞ்ச மாதத்திலும் மிக ஏழையான உறுப்பினர் ஒரு பங்காவது வாங்கும் அளவுக்குக் குறைத்தார்கள். வசதியானவர்கள் முணுமுணுத்தார்கள், ஐந்து பங்கு வாங்கினாலும் தொகை போதவில்லை என்று. பாட்டி உள்ளே வர வேறு வழியில்லை. முட்டை விற்கத் தொடங்கிய பிறகு அவர் சேர்ந்தார்.

ஒரு முறையீடும் ஓர் இடமாற்றமும்

எட்டாம் மாதம் ஆசிரியைக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. தன்னார்வலர் ஒருவர் பாட்டியிடம், "ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தால் உதவி தொடர்ந்து கிடைக்கும், பாட்டி" என்று சொல்லியிருக்கிறார். பாட்டி இரண்டு வாரம் போயும் வந்திருக்கிறார். அழைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர்.

1994இல் வெளியான செஞ்சிலுவை இயக்க நடத்தை நெறி, உதவி தேவையின்படி மட்டுமே தரப்பட வேண்டும், எந்த மத நிலைப்பாட்டையும் முன்னேற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அமைப்பும் சபைகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் இது இருந்தது. ஆனாலும் ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டாமல், போதகரும் இரு மூப்பர்களும் தன்னார்வலரோடு உட்கார்ந்து பேசினார்கள். அவர் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை, தனக்கு அருமையானதைப் பிறருக்கும் காட்ட நினைத்திருக்கிறார். அவருக்கு விளங்கவைத்தது ஒரு கேள்வி: "வேண்டாம்" என்று சொல்ல அந்தப் பாட்டிக்கு வழி இருந்ததா? பிறகு போதகரே பாட்டி வீட்டுக்குப் போய், உதவிக்கும் ஆராதனைக்கும் தொடர்பில்லை, வந்தாலும் வராவிட்டாலும் எதுவும் மாறாது என்று சொன்னார். அமைப்பின் ஆள் சொன்னால் போதாது, போதகர் வாயிலிருந்தே வர வேண்டியிருந்தது. தன்னார்வலர் வேறு குடும்பத்துக்கு மாற்றப்பட்டு, மறுபயிற்சிக்குப் பின் தொடர்ந்தார்.

பதினோராம் மாதம் அந்தப் போதகர் இடமாற்றப்பட்டார். பல கூட்டுப்பணிகள் இந்த இடத்தில்தான் சரிகின்றன, ஏனென்றால் உறவு முழுவதும் ஒரு மனிதரோடு மட்டும் இருக்கும். இங்கே குழுவும் கணக்குப் புத்தகமும் சந்திப்புப் பதிவேடும் சபையாரிடம் இருந்தன. புதியவர் வந்து படித்துப் புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆனது. அதுவரை சந்திப்புகள் நிற்கவில்லை.

விளைவு

வாரச் சந்திப்பில் குழந்தையின் கைச்சுற்றளவு இரண்டு முறை தொடர்ந்து 125 மில்லிமீட்டரைத் தாண்டியதும் சிகிச்சையிலிருந்து விடுவித்தார்கள். வழக்கமாக ஆகும் காலத்தைவிட நீண்டது, முதல் வாரங்களின் பங்கீடே காரணம். மூத்தவள் அடுத்த கல்வியாண்டில் பள்ளி திரும்பினாள். ஆனால் ஒரு வகுப்பு பின்தங்கியே இருக்கிறாள், மாலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் அமையவில்லை. பையன் பள்ளியை விடவில்லை. மூவரும் பாட்டியோடு இருக்கிறார்கள். அரசு உதவித்தொகை, பண உதவி நின்ற பிறகு இரண்டு மாத இடைவெளி விட்டே வந்தது. அந்த இடைவெளியில் பாட்டி, அவசரத் தேவைக்கென உறுப்பினர்கள் தனியே சேர்க்கும் சேமிப்புக் குழுவின் சமூக நிதியிலிருந்து உதவி பெற்றார்.

எல்லாக் குடும்பங்களிலும் இப்படி முடியவில்லை. ஒரு வீட்டில் பிள்ளைக்கு வன்முறை நேர்வது தெரிந்தது. அங்கே குடும்பத்தோடு வைத்திருப்பது தீர்வாகாது என்று அதிகாரிகளிடம் ஒப்படைத்து, அத்தை வீட்டில் பராமரிப்பு ஏற்பாடானது. ஒரு சபை கூட்டுப்பணியிலிருந்து விலகியது, காணிக்கைக் கணக்கில் போதகர் கையெழுத்து வேண்டும் என்ற நிலைப்பாட்டில் அது உறுதியாக இருந்தது.

மாற்ற வேண்டியவை

பண உதவியின் அட்டவணையை மாதக் கணக்கில் வைத்ததை மாற்ற வேண்டும். அரசு உதவித்தொகை கைக்கு வந்து இரண்டு தவணை ஆன பிறகே தொகையைக் குறைக்கத் தொடங்குவது சரி. சிகிச்சை உணவு வாங்கும் வீட்டில் மற்ற பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் அன்றே வழி செய்ய வேண்டும், காத்திருக்கக் கூடாது. அட்டைத் தரப்பிரிப்பு போதகர்களிடம் பட்டியல் கேட்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். பட்டியல் தந்தவரிடம் பிறகு பெயர்களை நீக்கச் சொல்வது அவரைச் சபை முன் சங்கடப்படுத்துகிறது.

மாதம் இரண்டு சந்திப்பு என்றால் ஒரு தன்னார்வலருக்கு 4 குடும்பங்களுக்கு மேல் தரக் கூடாது. ஆறு தரப்பட்டவர்கள் மூன்றாம் மாதத்தில் பதிவேட்டை வீட்டில் உட்கார்ந்தே நிரப்பத் தொடங்கினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், சொந்த வயலும் பிள்ளைகளும் உள்ளவர்கள். ஊதியம் வேண்டாம் என்று அவர்களே சொன்னாலும், ஆற்றைக் கடக்கும் படகுக் கட்டணத்தையும் அலுவலகத்துக்குத் துணைபோகும் நாளின் பேருந்துச் செலவையும் முன்பணமாகவே தந்துவிட வேண்டும். ரசீது காட்டிப் பிறகு வாங்கிக்கொள்ளச் சொன்ன மாதங்களில் ஆற்றுக்கு அப்பால் இருந்த வீடுகளுக்குத்தான் சந்திப்பு குறைந்தது.